முன்னே நடக்கும் பிணை

வட அமெரிக்காவின் பெரிய மானான எல்க்கை வேட்டையாடப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது துப்பாக்கியைப் பற்றித்தான். எந்த ரைஃபிள், எந்தத் தோட்டா, எத்தனை கஜம் வரை சுடலாம். கொலராடோ மலைகளில் வாழ்நாளெல்லாம் வேட்டையாடிய முதியவர்கள் இவற்றுக்குப் பொறுமையாகவே பதில் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியை எடுத்து அழுத்துவார்கள். வாசனையில்லாத வெள்ளைப் பொடி கொஞ்சம் காற்றில் எழும். அது எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே தயங்குகிறது, எங்கே திரும்புகிறது என்று பார்த்த பிறகே அடுத்த அடி வைப்பார்கள். சிலர் பொடிக்குப் பதில் மில்க்வீட் செடியின் விதைப்பஞ்சை வைத்திருப்பார்கள். நம்மூர் எருக்கின் உறவுச்செடி அது. பொடி சில அடிகளில் மறைந்துவிடும். பஞ்சு சரிவு நெடுக மிதந்துபோய்க் காற்றின் பாதை முழுவதையும் காட்டிவிடும்.

எல்க்கின் கண்ணிலிருந்து ஒளிந்துகொள்ளலாம். காதையும் ஓரளவு சமாளிக்கலாம். எல்க் கூட்டமே சுள்ளி முறித்துக்கொண்டும் கல்லை உருட்டிக்கொண்டும் நடக்கிற கூட்டம்தான், எனவே ஒரு சத்தம் கேட்டால் தன் இனமாக இருக்கலாம் என்று நின்று பார்க்கும். ஆள் உருவம் தெரிந்தாலும் அசையாமல் நின்றால் சந்தேகத்தோடு முறைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கொடுக்கும். ஆள்வாடை மட்டும் மூக்கில் பட்டுவிட்டால் யோசனை என்பதே கிடையாது. அடுத்த பள்ளத்தாக்குக்கும் அப்பால் போய்த்தான் நிற்கும்.

மலையில் காற்று தினமும் இருமுறை திசை மாறுகிறது. மலைக்காற்று, பள்ளத்தாக்குக் காற்று என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். இரவில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் இறங்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும் மேலே எழும். பரீட்சைக்குப் படித்து மறந்துவிட்ட இந்தச் சங்கதியை வைத்துத்தான் எல்க் தன் நாளை வகுத்துக்கொள்கிறது. இரவெல்லாம் கீழே புல்வெளியில் மேய்ந்துவிட்டு விடியலில் மலையேறும்போது, இறங்கிவரும் காற்று அதன் முகத்துக்கு நேராக வருகிறது. மேலே காட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது போய்ச் சேருவதற்கு முன்பே தெரிந்துவிடுகிறது. மாலையில் மேய்ச்சலுக்கு இறங்கத் தொடங்கும்போது காற்று இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும். இப்போது புல்வெளியின் சேதி மூக்குக்கு வருகிறது. பகலில் படுப்பதற்குப் பெரும்பாலும் வடக்கு பார்த்த சரிவு. ஃபர், ஸ்ப்ரூஸ் மரங்களின் இருட்டில், முகட்டுக்குச் சற்றுக் கீழே படிபோல் அமைந்த ஒரு சமதளம். முகட்டைத் தாண்டி வரும் காற்று முதுகுப்புறத்து வாடையைக் கொண்டுவரும். வெயிலில் எழும் காற்று கீழிருந்து ஏறிவருபவனின் வாடையைக் கொண்டுவரும். அது அசைபோட்டபடி சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

புதியவர்களின் காலைப்பொழுது கெட்டுப்போவது இங்கேதான். இருட்டிலேயே கிளம்பி, காற்று இறங்குகிறது என்று சரியாகக் கணித்து, கூட்டத்துக்குக் கீழிருந்து மெல்ல ஏறுவார்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஒன்பது, பத்து மணி வாக்கில் சரிவின் மேல் வெயில் விழும். கொஞ்ச நேரம் காற்றே இல்லாததுபோல் இருக்கும். அடுத்து பிடரியில் ஒரு சிலுசிலுப்பு. அவ்வளவுதான், அந்தச் சரிவில் இனி எல்க் இல்லை. அனுபவசாலிகள் அந்த இடைவெளி வருவதற்கு முன்பே பின்வாங்கிப் பக்கவாட்டில் விலகிவிடுவார்கள். பிறகு சுற்றி வளைத்து மேலே போய் உட்கார்ந்துகொள்வார்கள், அல்லது மாலைவரை சும்மா இருப்பார்கள். வேட்டைக் கலையில் பாதிக்கு மேல் இந்தச் சும்மா இருத்தல் என்பது என் எண்ணம்.

நான் சுடுகிறவன் இல்லை. வேட்டை குற்றமாகிவிட்ட நாட்டில் வளர்ந்தவன். சுமை தூக்க ஆள் வேண்டும் என்று கூப்பிடும்போது நண்பர்களோடு போகிறேன். அப்படிப் போகிறவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாததால் தரையைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். ஒலாஸ் மியூரி என்ற உயிரியலாளர் 1927-இல் வயோமிங் மாநிலத்தின் ஜாக்சன் பள்ளத்தாக்குக்கு எல்க்குகளை ஆராய அனுப்பப்பட்டார். வட அமெரிக்க எல்க் பற்றிய அவருடைய பெரிய நூல் 1951-இல் வந்தது. மூன்று வருடம் கழித்து விலங்குகளின் தடங்களைப் பற்றிய கையேடும் வந்தது. குளம்படி, புழுக்கை, கடித்த நுனி, உரசிய பட்டை இவற்றையெல்லாம் அவ்வளவு பொறுமையாகப் பார்த்த மனிதர்கள் குறைவு. ஆஸ்பென் மரங்களின் அடியில் ஆள் உயரத்துக்குக் கருப்பாகக் காய்ப்புக் காய்ச்சியிருந்தால், அங்கே குளிர்காலங்களில் எல்க்குகள் பட்டையைத் தின்றிருக்கின்றன. புல் நீள்வட்டமாக அமுங்கி மயிர் ஒட்டியிருந்தால் படுத்த இடம். புழுக்கை பளபளவென்று ஈரமாக இருந்தால் நேற்றிரவோ இன்று காலையோ போட்டது. சில சமயம் இவை எதுவும் கண்ணில் படாமல் மாட்டுத்தொழுவ வாடை மட்டும் வரும். அப்போது நின்றுவிட வேண்டும். நம் மூக்குக்கே எட்டுகிற அளவுக்குக் கூட்டம் பக்கத்தில் இருக்கிறது.

செப்டம்பரில் ஒரு சேற்றுக்குழியைக் கண்டால் அதன் பக்கத்தில் நேரம் செலவழிக்கலாம். ஊற்று கசிகிற நிழலான இடம். ஆண் எல்க் முன்காலாலும் கொம்பாலும் அதைத் தோண்டி, அதிலேயே சிறுநீர் கழித்து, புரண்டு எழுந்து, கழுத்தும் வயிறும் கருஞ்சேறாகப் போகிறது. குழியில் தண்ணீர் கலங்கலாக இருந்தால் சற்றுமுன் போயிருக்கிறது. தெளிந்திருந்தால் தாமதமாக வந்திருக்கிறோம். பக்கத்து மரங்களில் இடுப்புக்கு மேலே சேறு பூசியிருக்கும். இளம் மரம் ஒன்று பட்டை உரிந்து, கிளைகள் ஒடிந்து, பிசின் வழிந்துகொண்டிருக்கும். அந்தப் பிசினைத் தொட்டுப் பார்த்தால் விரலில் நூலாக இழுபடுகிறதா, காய்ந்துவிட்டதா என்பதிலிருந்து அது எப்போது நடந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். மார்ச், ஏப்ரலில் உதிர்ந்த கொம்பின் இடத்தில் கோடையில் நாளைக்கு இரண்டரை சென்டிமீட்டர் வரை வளர்ந்த புதுக்கொம்பு, தோல் உரிந்து முதன்முதலாக வேலைக்கு வரும் மாதம் இது.

இந்த மாதத்தில்தான் அந்தக் குரலும் கேட்கிறது. முந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு விலங்கிடமிருந்து வருகிற குரல் என்று நம்பவே முடியாது. அடித்தொண்டையில் தொடங்கிப் படிப்படியாக ஏறி, மெல்லிய சீழ்க்கையாக உச்சியில் நின்று, கடைசியில் சில உறுமல்களாக உடைந்து விழும். ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகள் அதில் உண்டு. குரல்வளை அதிர்வதால் வரும் கனத்த ஒலி ஒன்று, மூச்சுக்காற்று சீறுவதால் வரும் கூர்மையான ஒலி இன்னொன்று. லகோட்டா பழங்குடி மக்கள் எல்க்கைக் காதலின் ஆற்றலோடு சேர்த்துப் பார்த்தார்கள். இளைஞர்கள் பெண்களைக் கவர வாசித்த புல்லாங்குழலுக்கும் எல்க்குக்கும் அவர்கள் மரபில் தொடர்பு உண்டு. பனிபடர்ந்த விடியலில் பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்திலிருந்து அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு அது ஏன் என்று விளங்கும்.

கேட்டவுடன் புதியவர்களின் கை நீளக்குழாயைத் தேடும். நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் இடையே ரப்பர் சவ்வு வைத்து, குழாய்வழி ஊதி, ஆண் எல்க்கைப் போலவே கூவலாம். பதில் குரலும் வரும். மறுபடி கூவினால் மறுபடி பதில். ஆனால் ஒவ்வொரு பதிலும் முந்தையதைவிடத் தள்ளிப்போய்க்கொண்டிருக்கும். பல நாள் வேட்டை இப்படியே முடிந்துபோகிறது. சண்டைக்கு ஏன் வரவில்லை? அதனிடம் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பெண்கள் இருக்கின்றன. புதிதாக வந்தவனோடு மோதினால் அந்த நேரத்தில் ஓரமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் இளம் ஆண்கள் புகுந்துவிடும். இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு நகர்ந்துவிடுவதே அதற்கு லாபம். இந்த வாரங்களில் ஆண் சரியாகத் தின்பதில்லை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை இழந்து, களைத்த உடம்போடுதான் பனிக்காலத்துக்குள் நுழைகிறது. வீண்சண்டைக்குத் தெம்பு ஏது.

அது நகர்கிறது என்றேன். உண்மையில் எந்தப் பக்கம் நகர்வது என்று முடிவெடுப்பது அது இல்லை.

ஒரு கூட்டம் மாலையில் காட்டைவிட்டு வெளியே வருவதைத் தொலைவிலிருந்து பார்த்தால் இது புரியும். முதலில் மரவரிசையின் ஓரத்தில் ஒரு தலையும் கழுத்தும் மட்டும் தெரியும். கொம்பு இருக்காது. உடம்பு நிழலுக்குள்ளேயே நிற்கும். இரண்டு காதுகளும் தனித்தனியே திரும்பிக்கொண்டிருக்கும். மூக்கு லேசாக உயரும். அப்படியே நிற்கும். பார்க்கிற நமக்குக் கால் மரத்துப்போகும், அது நிற்பதை விடாது. பிறகு ஓர் அடி, மறுபடி நிற்றல். திருப்தியானால் தலையைத் தாழ்த்தி ஒரு வாய் புல்லைப் பிடுங்கும். அதைப் பார்த்த பிறகே பின்னாலிருந்து மற்றவை வரிசையாக வரும். கன்றுகள், இளம் பெண்கள், மறுபடி கன்றுகள். கூவிக் கூவிக் காட்டையே அதிரவைத்த அந்தப் பெரிய ஆண் பெரும்பாலும் கடைசியில் வரும்.

முன்னால் நின்றது மூத்த பிணை, அதாவது வயதான பெண் எல்க். புதிய வேட்டைக்காரரின் கண் கடைசி ஆளுக்காகக் காத்திருக்கிறது, கொம்பை எண்ணத் துடிக்கிறது. அவர் தொலைநோக்கியைச் சற்றே திருப்பும் அந்த அசைவை முதல் ஆள் பார்த்துவிடுகிறது. மூக்கிலிருந்து வெடிப்பதுபோல ஒரு குரைப்பு. கூட்டம் மொத்தமும் தலை தூக்கும். ஆண் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்தக் குரைப்புக்குக் கட்டுப்பட்டதுதான்.

இந்த மூத்த பிணைக்கு என்ன தெரியும் என்பதைப் பற்றிக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கியது. 49 பெண் எல்க்குகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டிப் பல வேட்டைப் பருவங்களில் அவற்றைப் பின்தொடர்ந்தார்கள். வயது ஏற ஏற அவை தம் நடத்தையை மாற்றிக்கொண்டே வந்தன. நடமாட்டத்தைக் குறைத்தன. சாலைகளுக்கு அருகில் இருக்க நேர்ந்தால் அடர்ந்த காட்டையும் கரடுமுரடான நிலத்தையும் தேர்ந்தெடுத்தன. ஒன்பது, பத்து வயதைத் தாண்டிய பெண்கள் மனித வேட்டைக்காரர்களின் கைக்குக் கிட்டத்தட்ட அகப்படவே இல்லை. அதே குழுவினரின் முந்தைய ஆய்வொன்று, அதிகம் அலைகிற துடுக்கான விலங்குகளே அதிகம் சுடப்படுகின்றன என்று காட்டியிருந்தது. ஆக இரண்டு நடக்கின்றன. துடுக்கானவை செத்துப்போகின்றன. பிழைத்தவை பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கின்றன. ஓரிகான் மாநிலத்தின் ஸ்டார்க்கி சோதனைக் காட்டில், வேலியிட்ட பெரும்பரப்பில் பல்லாண்டுகள் நடக்கும் ஆராய்ச்சியும் இதை ஒட்டியே இருக்கிறது. வண்டி ஓடும் சாலைகளிலிருந்து எல்க்குகள் விலகியே வாழ்கின்றன. கால்நடையாக வருகிறவர்களைவிட, நாலு சக்கர மோட்டார் வண்டியில் வருகிறவர்களிடமிருந்து அவை இன்னும் அதிகம் விலகுகின்றன.

தொடக்க நிலை வேட்டைக்காரருக்கான புத்தகங்கள் எல்க்கின் குணங்களை ஒரு பட்டியலாகத் தருகின்றன. இந்த மாதம் இங்கே இருக்கும், இந்த நேரத்தில் இதைத் தின்னும் என்று. அவை பொய் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலை எல்க்கும் திருத்திக்கொண்டே இருக்கிறது. அக்டோபர் நடுவில் ரைஃபிள் பருவம் தொடங்கிய மறுநாளே புல்வெளிகள் காலியாகிவிடுவது தற்செயல் இல்லை. வண்டிகள் வந்து நிற்கும் சத்தம், கதவு சாத்தப்படும் சத்தம், இருட்டில் தலைவிளக்குகள் ஏறிவரும் வரிசை இவையெல்லாம் ஒரு பன்னிரண்டு வயதுப் பிணைக்குத் தெரிந்த சங்கதிகள். அது எங்கே போகும் என்பதைக் கண்டுபிடிக்க வரைபடத்தில் சாலையிலிருந்து மிகத் தள்ளியிருக்கும், ஏறவே மனம் வராத சரிவைப் பாருங்கள் என்று முதியவர்கள் சொல்வது இதனால்தான்.

அந்த அறிவு ஒரு தலையோடு நிற்பதில்லை. மே கடைசியில் அல்லது ஜூன் தொடக்கத்தில் பிறக்கும் கன்று முதல் சில வாரங்கள் புல்லுக்குள் அசையாமல் கிடக்கும். உடம்பில் வாடை மிகக் குறைவாகவே இருக்கும். கன்றின் கழிவைக்கூடத் தின்று தடயத்தை அழித்துவிடும் தாய். பிறகு தாயும் கன்றும் கூட்டத்தில் சேர்கின்றன. ஆண் கன்றுகள் வளர்ந்ததும் பிரிந்துபோகின்றன. பெண் கன்றுகள் பெரும்பாலும் தாய் வாழ்ந்த பகுதியிலேயே தங்கி, எந்தக் கணவாய் வழியாக இறங்க வேண்டும், பனி ஆழமானால் எந்தப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும் என்பதைக் கூடவே நடந்து கற்றுக்கொள்கின்றன.

இப்படிக் கற்ற தலைமுறைகள் ஒருகாலத்தில் ஏறக்குறைய அழிந்துபோயிருந்தன. ஐரோப்பியர் வருவதற்குமுன் வட அமெரிக்காவில் ஒரு கோடி எல்க் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. 1900 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கொன்றார்கள். மேல்தாடையில் இருக்கும் இரண்டு தந்தப் பற்களுக்காக மட்டும் கொன்று உடலை அப்படியே போட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட அந்தப் பற்களுக்கு நகரங்களில் கிராக்கி. அதே பற்களை க்ரோ இனப் பெண்கள் தம் உடைகளில் வரிசையாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விலங்கில் இரண்டே பற்கள் என்பதால் அந்த உடை ஒரு குடும்பத்தின் பல வருட வேட்டைத் திறனுக்குச் சாட்சி. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு சட்டங்கள் வந்தன. 1912-இல் ஜாக்சனில் எல்க் சரணாலயம் வந்தது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து ரயிலேற்றிப் பிற மாநிலங்களுக்கு எல்க்குகளைக் கொண்டுபோனார்கள். 1937-இன் சட்டம் ஒன்று துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலான வரிப்பணத்தை மாநிலங்களின் வனவிலங்குத் துறைகளுக்குத் திருப்பியது. இன்று சுமார் பத்து லட்சம் எல்க்குகள் இருக்கின்றன. வேட்டைக்காரர்களின் பணம் இல்லாமல் இது நடந்திருக்காது என்பதை, வேட்டையை வெறுக்கிறவர்களும் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

சுட்ட பிறகு நடப்பதைப் பற்றியும் புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். முன்காலின் பின்புறம், நுரையீரல் இருக்கும் இடம் ஒன்றே குறி. பட்ட பிறகும் எல்க் நூறு, இருநூறு கஜம் ஓடும். உடனே பின்னால் ஓடினால் அது இன்னும் ஓடும். உட்கார்ந்து அரைமணி நேரமாவது காத்திருந்தால் அருகிலேயே படுத்து அமைதியாக இறக்கும். அதன் பிறகு அவசரம் ஆரம்பிக்கிறது. தடித்த தோலுக்கடியில் சூடு தங்கி, எலும்பை ஒட்டிய இறைச்சி கெட ஆரம்பித்துவிடும். தோலை உரித்து, நான்கு தொடைகளாகப் பிரித்து, துணிப்பைகளில் போட்டு, நிழலில் காற்றுபடத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாக முதுகில் சுமந்து இறங்க வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது கொலராடோவில் சட்டப்படி குற்றம். ஒரு பின்தொடை முதுகில் ஏறும்போது அந்த விலங்கு எவ்வளவு பெரியது என்பது முழங்காலுக்குத் தெரிகிறது.

நண்பர்களோடு எனக்கு ஓயாத விவாதம் ஒன்று இருக்கிறது. எல்க் தொகை பெருகும் இடங்களில் பெண் எல்க்குகளைச் சுடவும் அனுமதிச் சீட்டு தருகிறார்கள். மேய்ச்சல் நிலம் தாங்க வேண்டுமே, அது நியாயம்தான். புதியவர்கள் அந்தச் சீட்டோடு தொடங்குவது நல்லது என்றும் நினைக்கிறேன். கொம்பைத் தேடும் கண் அப்போதுதான் கூட்டத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும். ஆனால் எந்தப் பெண்ணை? வரிசையில் முதலில் வருவது முதலில் குறிக்குள் வருகிறது, எளிதான இலக்கு என்கிறார்கள் அவர்கள். வரிசையில் முதலில் வருகிறதைச் சுடாதீர்கள் என்கிறேன் நான். கொல்லப்பட்ட விலங்கின் முன்பல்லைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால், வேரின் குறுக்குவெட்டில் மரத்தின் வளையங்களைப்போல் இருக்கும் கோடுகளை எண்ணி வயதைச் சொல்வார்கள். முடிவு வந்து சேரச் சில மாதங்கள் ஆகும். பதினாலு என்று ஒரு முடிவு வந்தபோது, சுட்ட நண்பர் அதை என்னிடம் காட்டினார். பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று அவருக்கு அப்போது தெரியவில்லை. அடுத்த பருவத்தில் முன்னே வந்ததை அவர் போகவிட்டார், மூன்றாவதாக வந்ததைச் சுட்டார்.

பருவம் முடிந்ததும் துப்பாக்கிகள் அலமாரிக்குப் போய்விடும். எல்க்குகளுக்குக் கடினமான காலம் அப்போதுதான் தொடங்குகிறது. பனி ஆழமாகிக் கூட்டங்கள் கீழ்ச்சரிவுகளில் நெருங்கி நிற்கும். பெண்கள் பெரும்பாலும் சினையாக இருக்கும். தின்னக் கிடைப்பது காய்ந்த புல்லும் பட்டையும். கோடையில் சேர்த்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து வசந்தம்வரை போய்ச் சேர வேண்டும். அந்தச் சமயத்தில் உதிர்ந்த கொம்பு பொறுக்க ஆட்கள் கிளம்பினால், ஒவ்வொரு முறை கூட்டம் மிரண்டு ஓடும்போதும் அந்தக் கையிருப்பு கரையும். இதனால்தான் கொலராடோவில் 25-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மேற்கே உள்ள பொதுநிலங்களில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கொம்பு பொறுக்கத் தடை இருக்கிறது. எல்க்கின் குணம் அறிய விரும்பும் புதியவர்கள் அந்த மாதங்களில் ஒரு நல்ல தொலைநோக்கியோடு சாலையோரத்தில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கலாம். எது முதலில் எழுந்திருக்கிறது, எது பனியை மிதித்து மற்றவற்றுக்கு வழி போடுகிறது, எதைப் பார்த்து மற்றவை தலை தூக்குகின்றன என்பதெல்லாம் அங்கிருந்தே தெரியும்.